சபரகமுவவின் சிறு புகையிரதமும் கொழும்பின் வீதி நெரிசலும்

கொழும்பு மாநகரை நோக்கிக் காலைவேளையில் வந்து சேரும் பெருவீதிகளுள் ஹைலெவல் வீதியும் ஒன்றாகும். மகரகம, நுகேகொடை முதலிய ஊர்களைக் கடந்து அது தலைநகரை அடைகின்றது. அவ்வீதியில் மோட்டார் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்வதும், சிறிது தூரம் சென்றபின் அசைவற்று நின்றுவிடுவதும் அன்றாடக் காட்சிகள். வீதிக்கு அணித்தாகவே ஓர் இருப்புப்பாதையும் செல்கின்றது. வளைந்து வளைந்து செல்லும் அப்பாதையில், அலுவலகம் செல்வோரைச் சுமந்துகொண்டு புகையிரதங்கள் மெதுவாக வந்து சேருகின்றன. நகரத்து உத்தியோகத்தர்களின் வசதிக்காகவே அப்பாதை இடப்பட்டதென்று பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. சபரகமுவ மலைகளில் விளைந்த தேயிலையையும் இறப்பரையும் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதற்காக இடப்பட்ட பாதை அது. இன்று தோட்டங்களுக்கு அப்பாதை இல்லை. நகரத்தார்க்கு மட்டுமே எஞ்சியிருக்கின்றது. அது எவ்வாறு பிறந்தது, எவ்வாறு குறுகியது என்னும் வரலாற்றை அறிந்துகொண்டால், இன்றைய வீதி நெரிசலின் காரணத்தையும் ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

கேகாலை, இரத்தினபுரி ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்ததே சபரகமுவ மாகாணம். 1889-ஆம் ஆண்டில் அது தனி மாகாணமாக அமைக்கப்பட்டது. மழை மிகுந்த நாடு அது. களனி கங்கையும் களு கங்கையும் அதன் பள்ளத்தாக்குகளினூடே பாய்ந்து மேற்குக் கடலை அடைகின்றன. வீதிகள் தோன்றுவதற்கு முன்னர் அவ்வாறுகளே அந்நாட்டின் பெருவழிகளாக விளங்கின. இரத்தினபுரியிலிருந்து பொருள்கள் களு கங்கை வழியே படகுகளில் களுத்துறைக்குச் சென்றன. களனிப் பள்ளத்தாக்கின் பொருள்கள் களனி கங்கை வழியே கொழும்புக்கு இறங்கின. ஆறில்லாத இடங்களில் தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களும், பின்னர் இரட்டை மாட்டு வண்டிகளும் பாரம் சுமந்தன. சாதாரண மக்களோ நடந்தே சென்றனர்.

மாகாணத்தின் வடபகுதிக்கு முதலில் நல்வழி பிறந்தது. கொழும்பிலிருந்து கண்டிக்கு ஆங்கிலேயர் அமைத்த வீதி கேகாலையினூடே சென்றது. 1832-இல் அவ்வீதியில் குதிரைகள் பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. 1867-இல் கண்டி வரை புகையிரதமும் வந்து சேர்ந்தது. கோப்பித் தோட்டங்களின் விளைச்சலை விரைவாகத் துறைமுகம் சேர்ப்பதே அப்பாதையின் முதல் நோக்கமாக இருந்தது. கேகாலை மாவட்டத்தின் றம்புக்கணையைக் கடந்து கடுகண்ணாவை மலையில் அது ஏறுகின்றது. ஆயின் தெற்கேயிருந்த களனிப் பள்ளத்தாக்கும் இரத்தினபுரியும் இவ்வசதியைப் பெறாமலே இருந்தன.

கோப்பிச் செடிகளை இலைநோய் அழித்தபின் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட முதலிய பகுதிகளில் தாழ்நிலத் தேயிலைத் தோட்டங்கள் பரவின. அவற்றை அடுத்து இறப்பர் வந்தது. இலண்டன் கியூ தாவரப் பூங்காவிலிருந்து அனுப்பப்பட்ட இறப்பர் நாற்றுகள் 1876-இல் இலங்கையில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆயினும் பல ஆண்டுகள் வரை அம்மரத்தைப் பெரிதாக எவரும் மதித்தாரில்லை. 1888-இல் டன்லொப் என்பவர் காற்றடைத்த ரயர் ஒன்றைத் துவிச்சக்கர வண்டிக்கெனச் செய்தார். அதன்பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் துவிச்சக்கர வண்டிகள் பெருகின. மோட்டார் வண்டிகள் தொடர்ந்து வந்தன. இறப்பருக்கு உலகெங்கும் தேவை ஏற்பட்டது. அத்தேவையே சபரகமுவ மலைச்சரிவுகளில் காடுகளை வீழ்த்தி இறப்பர் மரங்களை நிரை நிரையாக நாட்டச் செய்தது.

களனிப் பள்ளத்தாக்குக்கு ஓர் இருப்புப்பாதை வேண்டுமெனத் தோட்டத் துரைமார் நெடுங்காலம் கேட்டு வந்தனர். அரசாங்கம் இறுதியில் இணங்கிற்று. ஆயின் செலவைக் குறைக்கும் பொருட்டு அகலப் பாதையைத் தவிர்த்தது. இலங்கையின் பிரதான பாதைகளில் தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள அகலம் 5 அடி 6 அங்குலம். களனிப் பள்ளத்தாக்குப் பாதையோ 2 அடி 6 அங்குல அகலமே கொண்டது. குறுகிய பாதை கூர்மையான வளைவுகளில் எளிதாகத் திரும்பவல்லது. ஆகவே மேடுகளைக் குடைந்தும் பள்ளங்களை நிரப்பியும் செல்லவேண்டிய அவசியம் குறைந்தது. நிலத்தின் போக்குக்கு இணங்கவே பாதையை வளைத்துவிட்டனர். அன்று மிச்சப்படுத்திய பணத்துக்கு இன்றைய பிரயாணிகள் தங்கள் நேரத்தால் விலை கொடுத்து வருகின்றனர்.

1902-இல் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரத்திலுள்ள அவிசாவளை வரை புகையிரதம் ஓடிற்று. மறு ஆண்டில் எட்டியாந்தோட்டைக்கு ஒரு கிளை சென்றது. மற்றொரு கிளை எகலியகொடை, குருவிட்ட ஆகிய இடங்களைக் கடந்து 1912-இல் இரத்தினபுரியை அடைந்தது. 1919-இல் அது காவத்தையைத் தாண்டி ஓப்பநாயக்க வரை நீண்டது. இவ்வாறு இருபது ஆண்டுகளுக்குள் சபரகமுவவின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் பலவும் தலைநகருடன் இரும்பினாற் பிணைக்கப்பட்டன. இவ்வளர்ச்சியில் ஒரு விந்தை உண்டு. அச்சிறு புகையிரதம் சுமந்து சென்ற இறப்பர், மோட்டார் லொறிக்கும் பஸ்ஸுக்கும் காருக்கும் ரயராக மாறியது. பின்னாளில் தன்னை வெல்லப்போகும் போட்டியாளனுக்குரிய பாதணியை அது தானே துறைமுகம் வரை சுமந்து சென்றது.

தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களுடைய பிரயாணங்களுக்கும் ஒரு தனி வரலாறு உண்டு. கோப்பிக் காலத்தில் அவர்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே பல நாள் நடந்து மலைநாட்டை அடைந்தனர். வழியிற் பசியாலும் நோயாலும் மாண்டோர் பலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத்துண்டு முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த ஒரு தகரத்துண்டு தொழிலாளியிடம் கொடுக்கப்பட்டது. அத்துண்டைக் காட்டினாற் போதும். கப்பலிலும் புகையிரதத்திலும் அவரைத் தோட்டம் வரை அனுப்பிவைத்தனர். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. கழுத்திற் கட்டிய அத்துண்டே அவருடைய பிரயாணச் சீட்டு. பொதி மூட்டைக்கு முத்திரையிட்டு அனுப்புவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

வந்து சேர்ந்தபின் வெளியே செல்வதும் எளிதன்று. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்லவேண்டுமாயின், தொழிலாளியின் கடனைக் குறித்த 'துண்டு' என்னும் காகிதம் வேண்டும். அக்கடனை அடைக்க ஒருவர் முன்வந்தாலன்றி அவர் இடம்பெயர இயலாது. 1921-இலேயே சட்டம் அம்முறையை ஒழித்தது. இப்பின்னணியை நினைவிற் கொண்டு பார்த்தாற்றான், தன் கைக்காசைக் கொடுத்து மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கி ஒரு தொழிலாளி புகையிரதத்தில் அமர்ந்தது எத்தகைய மாற்றம் என்பது புலனாகும். உறவினரைக் காணவும், கடைவீதிக்குச் செல்லவும், வைத்தியசாலையை அடையவும் அவர் இப்போது எவருடைய கடிதத்தையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. துரைமாரின் பொருளுக்காக இடப்பட்ட பாதையில் தொழிலாளியின் சுதந்திரமும் ஒரு சிறிது தூரம் பிரயாணம் செய்தது.

ஆயின் போட்டி விரைவிலேயே தோன்றிற்று. முதலாம் உலக யுத்தத்துக்குப் பின்னர் மோட்டார் லொறிகளும் பஸ்களும் பெருகின. தொழிற்சாலை வாயிலிலேயே தேயிலைப் பெட்டியை ஏற்றிக்கொண்டு நேரே கொழும்புக்குச் செல்ல லொறியால் முடிந்தது. புகையிரதத்துக்கோ பெட்டியை முதலில் நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொழும்பில் மீண்டும் இறக்கி ஏற்றவேண்டும். மேலும் புகையிரதப் பகுதி தன் பாதையைத் தானே இட்டு, தானே பேணவேண்டியிருந்தது. லொறி ஓடிய வீதியையோ அரசாங்கம் பொதுப் பணத்திற் பேணி வந்தது. ஒருவன் தன் வீட்டுக் கிணற்றைத் தானே வெட்டி இறைக்க, மற்றொருவன் ஊர்க் கிணற்றில் நீர் மொண்டு விற்பது போன்ற வியாபாரம் அது. இப்போட்டியில் யார் தோற்பார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942-இல், எட்டியாந்தோட்டைக் கிளை மூடப்பட்டது. அதன்பின் அது மீண்டும் உயிர் பெறவில்லை. அப்பகுதித் தோட்ட மக்களுக்குப் பஸ் வண்டியே துணையாயிற்று. அந்நாளில் பஸ் சேவைகள் தனியார் கம்பெனிகளின் கையில் இருந்தன. ஆதாயம் மிகுந்த வீதியில் பஸ்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஓடும். ஆதாயம் இல்லாத மலை வீதிக்கோ அவை வாரா. இக்குறைகளைப் பற்றி 1948, 1954, 1956 ஆகிய ஆண்டுகளில் விசாரணைகள் நடைபெற்றன. இறுதியில் 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் யாவும் தேசியமயமாக்கப்பட்டு, இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அக்காலப் பிரதம மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. போக்குவரத்து மந்திரி மைத்திரிபால சேனநாயக்க.

சபையின் பெருமை அதன் தொகையில் மட்டும் இருக்கவில்லை. நகர வீதிகளிற் கிடைத்த வருமானத்தைக் கொண்டு கிராமத்து வீதிகளின் நட்டத்தை ஈடுசெய்யலாம் என்பதே அதன் அடிப்படைக் கொள்கை. கோட்டையிலிருந்து பொரளைக்குச் செல்பவர் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு துளி, இறக்குவானை மலையேறும் கடைசி பஸ்ஸுக்கு எண்ணெயாக மாறும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுவே. தேர்வடத்தில் வலியவன் கையும் இருக்கும். மெலியவன் கையும் இருக்கும். தேர் எல்லோர் வாசலுக்கும் வரும்.

இக்கொள்கையைப் புகையிரதத்துக்குப் பொருத்திப் பார்க்க எவரும் முன்வரவில்லை. பாதை பழையது, இயந்திரங்கள் மெதுவானவை, வருமானம் போதாது, ஆகவே நட்டம் என்று கணக்கு எழுதப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி வழியே ஓப்பநாயக்க வரை சென்ற பாதை 1976-ஆம் ஆண்டளவில் முற்றாகக் கைவிடப்பட்டது. அவிசாவளை வரையுள்ள பகுதி மட்டும் நிலைத்தது. நகரத்துக்கு வேலைக்குச் செல்வோர் அதனைப் பயன்படுத்தியமையே அதனைக் காப்பாற்றிற்று. தோட்டத்தின் பொருட்டுப் பிறந்த பாதை, தோட்டத்தை இழந்து நகரத்தாற் பிழைத்தது.

அக்கணக்கு முழுமையான கணக்கன்று. பாதை நின்றால் அதன் பிரயாணிகளும் பாரமும் வீதிக்கு வரும். வீதியின் தேய்மானத்தை யார் கொடுப்பது? இறக்குமதி செய்யும் எண்ணெய்க்கு வெளிநாட்டுப் பணம் எங்கிருந்து வரும்? விபத்துகளின் செலவு யாருடையது? இக்கேள்விகள் புகையிரத நிலையத்தின் சீட்டுக் கணக்கில் இடம்பெறுவதில்லை. காலத்தையும் கவனிக்கவேண்டும். 1973-இன் இறுதியிலிருந்து சில மாதங்களுக்குள் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. எண்ணெயைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வாகனம் எதுவென்று உலகம் தேடிய அதே ஆண்டுகளிலேதான் சபரகமுவவின் இருப்புப்பாதை மூடப்பட்டது.

அதே நெருக்கடி ஒல்லாந்து தேசத்திலும் ஏற்பட்டது. அங்கு 1973 நவம்பர் தொடக்கம் சில ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் கார்கள் ஓடுவது தடைசெய்யப்பட்டது. வெறுமையான வீதிகளில் மக்கள் நடந்தனர். குழந்தைகள் துவிச்சக்கர வண்டி ஓட்டினர். கார்களால் குழந்தைகள் பலர் மாண்டு வந்ததைக் கண்டு கொதித்தெழுந்த பெற்றோரும் அந்நாட்களில் கிளர்ச்சி செய்தனர். அதன்பின் அந்நாட்டு நகரங்கள் துவிச்சக்கர வண்டிகளுக்கெனத் தனிப் பாதைகளை இடத் தொடங்கின. ஒல்லாந்தர் பிறவியிலேயே துவிச்சக்கர வண்டிப் பிரியர் என்று கூறுவது எளிது. ஆயின் அதற்கு முந்திய இருபது ஆண்டுகளில் அங்கும் கார்கள் பெருகி, துவிச்சக்கர வண்டிகள் குறைந்தே வந்தன. வீதியின் ஒரு பகுதியை அவற்றுக்கென ஒதுக்க அரசாங்கமும் நகரசபைகளும் துணிந்தமையாலேயே நிலைமை மாறிற்று.

இலங்கையில் 1970-களின் இறுதியில் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. பஸ்கள் பெருகின, அவற்றுடன் ஆதாயமுள்ள வீதியில் போட்டியிட்டு ஓடும் பழைய பழக்கமும் திரும்பிற்று. வசதி படைத்தோர் காரையும், வசதி குறைந்தோர் மோட்டார் சைக்கிளையும் முச்சக்கர வண்டியையும் நாடினர். 1990-களில் அவிசாவளை வரையுள்ள இருப்புப்பாதை அகலமாக்கப்பட்டது. எனினும் பழைய வளைவுகள் பல நிலைத்தன. நூறாண்டுகளுக்கு முன் தேயிலைப் பெட்டிகளுக்குப் போதுமான வேகம், மாநகர் செல்லும் மனிதருக்குப் போதாது. கோட்டையையும் மாலபேயையும் இணைக்க எண்ணிய இலகு புகையிரதத் திட்டம் 2020-இல் கைவிடப்பட்டது.

வீதியை அகலமாக்கினால் நெரிசல் தீரும் என்பது பொதுவான நம்பிக்கை. வீதி அகன்றவுடன் சில காலம் பிரயாணம் இலகுவாகும். அதனைக் கண்டு, முன்பு பஸ்ஸிற் சென்றவரும் காரை எடுப்பர். வீதி மீண்டும் நிறையும். ஒரு பஸ் இரண்டு மூன்று கார்களின் இடத்தையே பிடிக்கின்றது. ஐம்பது பேரைச் சுமக்கின்றது. கார்களிலோ பெரும்பாலும் ஓரிருவரே செல்கின்றனர். இவ்விரண்டும் ஒரே நிரையில் நிற்கும்போது ஓரிருவர் பொருட்டு ஐம்பது பேர் காத்துநிற்கின்றனர். கொழும்பில் சில வீதிகளிற் பஸ்களுக்கெனத் தனி நிரை ஒதுக்கிப் பார்த்ததும் இதனாலேயே.

இதில் மலைநாட்டாருக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். எட்டியாந்தோட்டையிலிருந்தோ காவத்தையிலிருந்தோ கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியைக் கொண்டுசெல்லும் தோட்டக் குடும்பத்தை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். லயத்திலிருந்து பெருவீதி வரை நடை, அல்லது கூலிக்கு ஒரு முச்சக்கர வண்டி, அங்கிருந்து பஸ், அந்த பஸ் மலையிறங்கி விரைவாகவே வரும். நகரத்தின் எல்லையை அடைந்ததும் அது நிற்கும். பலமணி நேரப் பிரயாணத்தின் பயன் கடைசிச் சில மைல்களில் அழிந்துபோகின்றது. நகரத்து நெரிசல் நகரத்தார்க்கு மட்டும் உரிய துன்பமன்று. கார் வைத்திருப்பவர் உண்டாக்கும் நெரிசலில், கார் இல்லாதவரே அதிக நேரம் நிற்கின்றார்.

துவிச்சக்கர வண்டியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். செங்குத்தான தோட்டப் பாதைகளில் அது எல்லோருக்கும் ஏற்றதன்று. இறங்குவது எளிது, ஏறும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டே வரவேண்டும். ஆயின் சமநிலமான ஊர்களில் அதன் ஆற்றலைத் தமிழர் நன்கறிவர். 1990-களின் முதற்பாதியில் எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாணவரும் ஆசிரியரும் வியாபாரிகளும் அதனைக் கொண்டே வாழ்க்கையை நடத்தினர். 2022 ஜூன் மாத இறுதியில் நாடு முழுவதும் எரிபொருள் அற்றுப்போக, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே அது வழங்கப்பட்டது. அப்போது கொழும்பு வீதிகளில் துவிச்சக்கர வண்டிகள் திடீரெனப் பெருகின. அவற்றின் விலையும் ஏறிற்று. கூட்டம் நிறைந்து வழிந்த புகையிரதங்களே தொலைவிலிருந்து வந்தோரைத் தாங்கின. எண்ணெய் திரும்பியதும் அக்காட்சிகள் மறைந்தன. வறுமையில் வேறு வழியின்றிக் கைக்கொண்டதைச் செழிப்பு வந்ததும் கைவிடுவது மனித இயல்பு. ஒல்லாந்தர் நெருக்கடி தீர்ந்தபின்னரும் அதனைக் கைவிடாமைக்குக் காரணம், இடப்பட்ட பாதை அங்கு நிலைத்திருந்தமையே.

நெடுந்தூரத்துக்குப் புகையிரதம், மலைக்கும் கிராமத்துக்கும் பஸ், சமநிலத்துச் சிறு தூரத்துக்குத் துவிச்சக்கர வண்டியும் நடையும் என ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் நிற்குமாயின், கார் வேண்டுவோர் மட்டும் காரிற் செல்லலாம். இவை யாவும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியவையல்ல. சபரகமுவ மக்கள் இவற்றுட் பெரும்பாலானவற்றை ஒருகாலத்திற் பெற்றிருந்தனர். அவை ஒவ்வொன்றாகக் கணக்கேட்டிலிருந்து நீக்கப்பட்டன.

இரத்தினபுரிக்கு இருப்புப்பாதையை மீண்டும் இடவேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுவதுண்டு. அது நிறைவேறுமாயின், சீட்டு விற்ற பணத்தை மட்டும் எண்ணி அதன் பயனை அளக்கும் பழைய வழக்கத்தையும் கைவிடவேண்டும். அப்புகையிரதத்தாற் கொழும்பு வீதிக்கு வராமற் போன கார்கள் எத்தனை, வீணாகாத மணிநேரங்கள் எத்தனை, உரிய வேளையில் வைத்தியரிடம் சேர்ந்த நோயாளிகள் எத்தனை என்பனவும் வரவுப் பக்கத்தில் எழுதப்படவேண்டியவை. தேயிலையை ஏற்றிச்செல்ல ஓர் இருப்புப்பாதை வேண்டுமென ஓர் அரசாங்கம் ஒருகாலத்திற் கருதிற்று. அத்தேயிலையைக் கொய்தவர்களின் பேரப்பிள்ளைகளை ஏற்றிச்செல்லவும் ஒன்று வேண்டுமெனக் கருதுவது அதனினும் நியாயமானதன்றோ?